நாலு விரல் மண்

மொன்றியலில் எனக்குக் கிடைத்த ஐந்தாவது வேலை குழி தோண்டுவது. முதல் நான்கும் எப்படிக் கைநழுவின என்று விவரித்தால் என்னைச் சோம்பேறி என்பீர்கள். பாதி உண்மைதான். டோர்வலில் விமானத்துக்குப் போகும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினேன். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு நாடா ஒட்டினேன். இரண்டு உணவகங்களில் கோப்பை கழுவினேன். போன இடமெல்லாம் இரண்டாம் கிழமையே மேலாளருக்கு வேலை சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவேன். மூன்றாம் கிழமை வீட்டில் இருப்பேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அவர்களை ஸ்பொன்சர் செய்து எடுப்பதென்றால் நான் ஏதாவது ஒரு வேலையில் காலூன்றி நிற்க வேண்டும். என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஒருநாள் வந்து, "அண்ணை, லஷீன் கனாலடியில ஆள் எடுக்கிறாங்கள். மண் அள்ளுற சவள் பிடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். "ஓம், தெரியும்" என்றேன். சவள் பிடிக்கிறவர்களைப் பதினேழு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அது தெரியாமலா போகும் என்று நினைத்தேன். முதல் நாள் காலை பத்து மணிக்கே அந்த நினைப்பு என் இடுப்போடு சேர்ந்து ஒடிந்தது.

லஷீன் கால்வாயில் அப்போது கப்பல் ஓடவில்லை. அதை மூடி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. கறுத்த தண்ணீர் அசையாமல் கிடக்கும். கரையோரப் பாதையில் சைக்கிள்காரர்கள் போவார்கள். இரண்டு பக்கமும் செங்கல் ஆலைகள். பாதி ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. அதில் ஒரு பழைய பருத்தி ஆலையை வீடுகளாக மாற்றப்போகிறார்கள். அதற்கு முன்னால், நிலத்துக்குக் கீழே பழைய காலத்துச் சங்கதி ஏதாவது கிடக்கிறதா என்று தொல்லியல்காரர்கள் பார்க்க வேண்டும். கால்வாயிலிருந்து ஒரு கிளை வாய்க்காலை ஆலைக்குள் விட்டு, விழுகிற தண்ணீரில் சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சக்கரத்தின் பலத்தில்தான் ஒரு காலத்தில் தறிகள் எல்லாம் ஓடியிருக்கின்றன. எங்கள் ஆலைக்கு அப்படி ஒரு கிளை வாய்க்கால் வெட்டத் தொடங்கி, பாதியில் கைவிட்டு, பிறகு ஆலைச் சாம்பலையும் செங்கல் உடைசலையும் கொட்டி மூடிவிட்டார்கள். அந்தச் சாம்பலை அள்ளி வெளியே போடுவதுதான் வேலை. யந்திரம் எதையாவது உடைத்துவிடும் என்பதால் ஓர் ஆழத்துக்குக் கீழே கையால்தான் அள்ள வேண்டும்.

என்னோடு அள்ள இன்னொரு தமிழர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். அப்பா அங்கே குளத்து வாய்க்கால்களில் மண் வெட்டினார். மகனும் மீசை முளைக்க முன்பே அதே வேலைக்குப் போனார். ஆள் மெலிவுதான். ஆனால் அவர் கையில் சவளைக் கொடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முழங்காலால் ஒரு தள்ளு, இடுப்பைத் திருப்பி ஒரு வீச்சு. மண், வீல்பரோ என்ற ஒற்றைச் சக்கர வண்டியின் நடுவில் போய் உட்காரும். ஒரு கல் சிந்தாது. மூச்சு வாங்காது. நான் சவளைத் தூக்கினாலோ பாதி மண் என் சப்பாத்துக்குள்ளே போகும்.

முதல் நாளே என் மூக்குக் கண்ணாடியையும், நான் ஃபோர்மனோடு ஆங்கிலத்தில் கதைத்ததையும் பார்த்துவிட்டு, "நீங்க மாஸ்டருங்களா?" என்று கேட்டார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன் என்று நினைத்துவிட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"கவலப்படாதீங்க மாஸ்டர். நீங்க மெதுவா அள்ளுங்க. நான் பாத்துக்கிறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். என் வீல்பரோவைப் பாதிக்கு மேல் நிரப்ப விடமாட்டார். ஃபோர்மன் முதுகைத் திருப்பியதும் என் பங்கிலிருந்து பத்துச் சவள் மண்ணை அள்ளித் தன் வண்டியில் போட்டுக்கொள்வார். குழியிலிருந்து வெளியே போகும் பலகை ஏற்றத்தில் நான் திணறினால், தன் வண்டியை வைத்துவிட்டு வந்து என் வண்டியின் மூக்கைப் பிடித்து இழுப்பார். அவர் இல்லாவிட்டால் இரண்டாம் நாளே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் நான் மாஸ்டர் இல்லை. நான் ஓவசியர். வன்னியில் ஒரு குளத்து வாய்க்கால் வேலையில் பதினேழு வருடம் மேற்பார்வை பார்த்தவன். இவருடைய அப்பாவைப் போன்றவர்கள் வெட்டிய குழியை அளந்து, இத்தனை கியூப் மண் என்று எழுதி, அவர்களுடைய கூலியை முடிவுசெய்தவன். அவர்கள் வெயிலில் நிற்பார்கள், நான் குடைக்குக் கீழே நிற்பேன். இதை அவரிடம் சொல்லத்தான் இருந்தேன். இரண்டாம் நாள் மதியம் ரொட்டியைப் பிய்த்து எனக்கும் ஒரு பாதி தந்துவிட்டு அவர் தன்பாட்டுக்குச் சொன்னார்:

"எங்கப்பாவுக்கு ஓவசியர்னாலே ஆகாது மாஸ்டர். சாகிற வரைக்கும் அந்தப் பேரக் கேட்டாக் காறித் துப்புவாரு."

நான் தண்ணீர் குடித்தேன். இதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பத்துச் சவள் போய்விடும். அதோடு வேலை போய்விடும். லொட்ஜில் இருக்கிற மூன்று பேரும் இன்னொரு வருடம் அங்கேயே இருக்க வேண்டியதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த நகரத்தில் என்னை அன்பாகக் கூப்பிட்ட குரல் அது ஒன்றுதான். அதை இழக்க எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஃபோர்மன் அறுபதை நெருங்கியவர். பெரிய உடம்பு, சிவந்த கழுத்து, எதற்கும் ஒரு உறுமல். கால்வாய்க்குத் தெற்கே, அயர்லாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். பிரெஞ்சில் திட்டுவார், ஆங்கிலத்தில் பெருமையடிப்பார். பெருமை எப்போதும் ஒன்றுதான். "இந்தக் கால்வாயை என் ஆட்கள் வெட்டினார்கள். கையால்." முதல் கிழமையிலேயே அதைப் பத்துத் தடவை கேட்டுவிட்டேன். எங்கள் ஆட்களில் பரம்பரைப் பெருமை பேசாதவன் யார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மதியம், சாப்பிட்ட கையோடு கரையோரமாக நடந்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்குள் இறங்கியது. கையால்.

தண்ணீரைக் கூட்டிக் குறைத்துக் கப்பல்களை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய பெரிய கல் தொட்டி ஒன்று அங்கே இருந்தது. அதன் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். பிறகு மேற்கே பார்த்தேன். கால்வாய் நேராகப் போய்க்கொண்டே இருந்தது, பாலத்துக்குக் கீழே நுழைந்து, மறுபடி வெளியே வந்து, கண் போகிற வரைக்கும். துறைமுகத்திலிருந்து லஷீன் வரைக்கும் எட்டு ஒன்பது மைல். என் தொழில் புத்தி தானாகவே கணக்குப் போடத் தொடங்கியது. அகலம், ஆழம், நீளம். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு வெட்டுவான் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த மனப்பாடம் வன்னி மண்ணுக்கு. இங்கே மேலே பசைக் களிமண், கீழே பாறை. சித்திரை மாதத்திலும் நிலம் உறைந்து கிடக்கும் ஊர். களியில் கால் புதைய, பனிக்கட்டி கரைந்த தண்ணீரில் நின்றுகொண்டு வெட்டியிருக்கிறார்கள். பாறையில் துளை போட்டு, வெடிமருந்தை அடைத்து, பற்றவைத்துவிட்டு, தப்பினால் சரி என்று ஓடியிருக்கிறார்கள். மாலையில் அதே கரையில் பலகைக் குடிசைக்குள் போய் விழுந்திருக்கிறார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தியபோது அவர்களுக்கு எதிராகத் துப்பாக்கியோடு ஆள் வந்ததாம். ஃபோர்மன் சொல்லியிருந்தார், நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணக்கு பாதியிலேயே நின்றுவிட்டது. எண் வராமல் இல்லை. முந்திய நாள் எட்டு மணித்தியாலத்தில் நான் அள்ளிய மண் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் மனம் ஓடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினேழு வருடம் வாய்க்கால் வேலையில் நின்றிருக்கிறேன், ஒரு வாய்க்காலைப் பார்த்து நான் ஒருநாளும் பிரமித்ததில்லை. அளப்பவனுக்குப் பிரமிப்பு வராது போலும். அள்ளிப் பார்த்தவனுக்குத்தான் வருகிறது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரை நோக்கி இரண்டு கையையும் கூப்பினேன். வளைவில் திடீரென்று வந்த ஒரு சைக்கிள்காரர், தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்து, "பொன்ஜூர்!" என்று கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் கிழமை ஒரு தவறு நடந்தது. தொல்லியல் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவள் முப்பது வயதுப் பெண். நாள் முழுக்க முழங்காலில் நின்று சேற்றைச் சுரண்டுவாள். எங்களிடம் பிரெஞ்சில் தொடங்குவாள். நாங்கள் முழித்தால் ஆங்கிலத்துக்கு இறங்குவாள். அன்று காலை நூல் கட்டி ஒரு சதுரத்தைக் குறித்து, முழங்கால் ஆழத்துக்கு மட்டமாக அள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். நான் வீல்பரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், சதுரம் அழகாக வெட்டப்பட்டிருக்கிறது, நடுவில் மட்டும் ஒரு மண் திட்டு, குழலிலிருந்து தள்ளிய பிட்டுப்போல நிமிர்ந்து நிற்கிறது.

அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது என்ன?"

அவர் தலையைச் சொறிந்தார். "கைப்பழக்கம் மாஸ்டர்" என்றார் என்னிடம். "வேணும்னு விடல. கை தானா விட்டிருச்சு."

எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். மண்ணை வெட்டி எடுத்துவிட்டால், நிலம் முன்னால் எந்த உயரத்தில் இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் குழியின் நடுவே ஓரிரு இடத்தை வெட்டாமல், தலையில் முளைத்த புல்லோடு அப்படியே விட்டுவிடுவார்கள். சாட்சித் திட்டு என்போம். ஓவசியர் வந்து, புல்லின் தலையிலிருந்து குழியின் தரை வரை அளவு நாடாவைப் பிடித்தால் வெட்டிய ஆழம் தெரிந்துவிடும். அளந்த பிறகுதான் திட்டைச் சாய்க்கலாம். திட்டு இல்லாமல் வெட்டினால் அந்தக் கிழமைக் கூலிக்கு ஆதாரமே இல்லை. சிறுவயதில் கையில் ஏறிய பயம், அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தும் இறங்கவில்லை.

"ஊர்ப் பழக்கம்" என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் இரண்டே வெட்டில் அதைச் சாய்த்தார். மேலே நின்ற ஃபோர்மனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து, "இன்றைக்கும் கோபுரம் கட்டுகிறீர்களா?" என்று காலையில் கேட்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

ஒக்டோபர் பிறந்து, குழிக்குள் ஊறும் தண்ணீர் விரலைக் கடிக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை, குழியின் தூரத்து முனையில் அள்ளிக்கொண்டிருந்தபோது என் கூட்டாளியின் சவள் சத்தம் மாறியது. கறுத்த சாம்பலுக்கு நடுவில் ஏதோ கெட்டியாக இருந்தது. சுற்றியிருந்த சாம்பலை எடுக்க எடுக்க அது வளர்ந்துகொண்டே போனது. பத்து மணியளவில் எங்கள் நெஞ்சுயரத்துக்குச் சாம்பல் நிறக் களிமண் திட்டு ஒன்று குழியின் நடுவில் தனியாக நின்றது. தலையில் கறுப்பாக ஒரு மண் படை.

அவர் சவளைக் கீழே போட்டார். "இது நான் விட்டதில்ல மாஸ்டர்" என்றார். "ஆனா யாரோ விட்டிருக்காங்க."

கிட்டப் போய் அதன் பக்கத்தைத் தொட்டேன். பிக்காசு இறங்கிய தழும்புகள் களியில் அப்படியே இருந்தன, நேற்று வெட்டியதுபோல. ஒருவன் இடது பக்கமாக நின்று வெட்டியிருக்கிறான். இன்னொருவன் எதிரே. அளப்பவன் வருவான் என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் வந்து அளந்திருக்கலாம். ஆனால் அதைச் சாய்க்க முன்பே வேலை நின்றுவிட்டது. குழியை மூடிவிட்டார்கள். ஆலை எழுந்து, தறி ஓடி, ஆலை மூடி, நாங்கள் வந்து சேரும் வரைக்கும் அது சாம்பலுக்குள் நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

மேலிருந்து ஃபோர்மனின் குரல் வந்தது. "மறுபடியும் கோபுரமா? நாளைக்கு யந்திரம் வருகிறது. சாய் அதை!"

"இது எங்களுடையது இல்லை" என்று கத்தினேன்.

"யாருடையதாக இருந்தால் எனக்கென்ன? சாய். வேலை வேண்டுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும்தான். எவ்வளவு வேண்டும் என்று என் அறைச் சுவரில் தொங்கிய மனைவி பிள்ளைகளின் படத்துக்குத் தெரியும். என் கூட்டாளி பிக்காசைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, ஆராய்ச்சிப் பெண்ணைப் பெரிய குரலில் கூப்பிட்டேன். அவள் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஃபோர்மனும் திட்டிக்கொண்டே பலகை வழியாக இறங்கினார்.

அவளுக்கு விளக்கினேன். புல், தரை, நாடா, ஆழம். அவள் கண்கள் விரிந்தன. இப்படி ஒன்றைத் தான் நேரில் கண்டதில்லை என்றாள். உடனே படம் எடுத்து, அளந்து, வரைந்து, பிறகு சின்னக் கரண்டியால் திட்டின் ஒரு பாதியை மேலிருந்து கீழாகக் கேக் வெட்டுவதுபோல வெட்டினாள். உள்ளே மண் எப்படிப் படைபடையாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு. வெட்டி முடித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"விசித்திரமாக இருக்கிறது" என்றாள். "அடியில் யாரும் தொடாத களி. அதன்மேல் தொடாத மேல்மண். சரி. மேலே பழைய புல்லின் கறுப்புக் கோடு. அதுவும் சரி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இது என்ன? இது கலவை மண். யாரோ கொண்டுவந்து போட்டது. புல்லுக்கு மேலே மண் விழலாம். கீழே எப்படிப் போகும்?"

நான் என் கூட்டாளியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. ஆனால் வெட்டிய முகத்தில் இருந்த அந்தப் படை கண்ணால் பார்த்தாலே போதும். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நம்ம ஆளுங்க!" என்றார்.

வெள்ளைத்தோல் அயர்லாந்துக்காரனை, எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் செத்துப்போனவனை, நம்ம ஆள் என்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. எங்கள் வாய்க்கால்களில் நடந்த அதே வேலை. ஓவசியர் வருவதற்கு முன்னால் திட்டின் தலையிலிருக்கும் புல்லை வேரோடு ஒரு மூடியைப்போலக் கழற்றுவார்கள். அடியில் கொஞ்சம் மண்ணை வைத்து மிதித்து, புல்லைத் திரும்ப மேலே வைத்து, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். திட்டு வளர்ந்துவிடும். குழியின் ஆழம் கூடிவிடும். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருவரை ஒருவர் கண்டறியாத மனிதர்கள், ஒரே மூடியைக் கழற்றியிருக்கிறார்கள். நான் அந்தக் கலவை மண்ணின் மேல் என் கையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தேன். சரியாக நாலு விரல்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்கு அந்தத் தந்திரத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த ஃபோர்மனின் கழுத்து இன்னும் சிவந்தது. "என் ஆட்கள் கள்ளர்கள் என்கிறாயா?" என்று ஒரு அடி முன்னால் வந்தார். அவருக்கு உண்மையாகவே வலித்திருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பெருமையின் மேல் நான் சேற்றைப் பூசியதாக நினைத்தார்.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் வேறு ஏதாவது விளக்கம் எழுதியிருப்பாள். ஆனால் அந்த நாலு விரலைக் கண்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சாண் கணக்கிலோ முழங்கணக்கிலோ மண் வைத்திருந்தால் அது களவு. நாலு விரல் என்பது வேறு. அது யாருடைய அளவு என்று எனக்குத் தெரியும்.

"அவர்கள் கள்ளர்கள் இல்லை" என்றேன். "அளந்தவன் கள்ளன். நாடாவின் நுனியைப் புல்லின் தலையில் வைக்க வேண்டும். அவன் அதைப் பெருவிரலால் மறைத்து நாலு விரல் கீழே பிடிப்பான். ஆழம் அவ்வளவு குறைந்துவிடும். எல்லாக் குழியிலும் நாலு விரல். ஆட்களுக்கு அது தெரியும், கேட்க முடியாது. கேட்டால் வேலை இல்லை. அதனால் அவன் எடுக்கிற நாலு விரலை முன்கூட்டியே திருப்பி வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு விரலும் இல்லை. பாருங்கள்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அப்படித்தான் பிடித்தேன்" என்றேன். "பதினேழு வருடம்."

ஆங்கிலத்தில் அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஃபோர்மன் தன் பெரிய கையை நீட்டி, அந்தப் படையின் மேல் நாலு விரலை வைத்தார். வைத்தபடியே நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "கெட்டிக்காரப் பயல்கள்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்தார்.

"என்ன மாஸ்டர் சொன்னீங்க? ஏன் இவரு இப்படிச் சிரிக்கிறாரு?" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

நான்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். எதைச் சொன்னாலும் நம்புவார். அந்தக் காலத்து ஓவசியர் ஒருவன் களவெடுத்தான் என்று சொல்லிவிட்டு, சவளை எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கலாம். நாளைக்கும் பத்துச் சவள் மண்ணை அவர் தன் வண்டியில் போட்டுக்கொள்வார். மாஸ்டர் என்பார். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இன்னும் சிரிப்பு மாறாத முகம்.

"தம்பி, நான் மாஸ்டர் இல்லை" என்றேன். "ஊரில நான் ஓவசியராய் இருந்தனான்."

அவர் சிரிப்பை உடனே நிறுத்தவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது.

மிச்சத்தையும் சொன்னேன். நாடாவை எப்படிப் பிடித்தேன் என்று சொன்னேன். அந்த நாலு விரல் மண்ணின் காசை ஒப்பந்தக்காரரும் நானும் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். ஒருநாள் ஒரு திட்டில் சந்தேகம் வந்து காலால் தட்டினேன், புல் மூடி உருண்டு விழுந்தது, இருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களின் ஒரு கிழமை வேலை முழுவதையும் கூலிப் புத்தகத்தில் கோடு போட்டு வெட்டினேன் என்றும் சொன்னேன். "அதில ஒரு ஆள், 'நீங்க எடுத்ததத்தானே ஐயா திருப்பி வச்சோம்' எண்டு கேட்டவர். கேக்காத மாதிரி குடையை விரிச்சுக்கொண்டு போயிட்டன்."

"எந்தக் குளம்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எங்கப்பா வெட்டினது அந்தக் குளமில்ல" என்றார். கீழே கிடந்த சவளைக் குனிந்து எடுத்தார். "அங்கயும் ஒரு ஓவசியர் இருந்தாரு."

அன்று அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மதியம் ரொட்டியைத் திட்டின் பக்கத்தில் இருந்து தனியாகச் சாப்பிட்டார். மாலையில் மெத்ரோவில் அடுத்த பெட்டியில் ஏறினார். நான் கண்ணாடி வழியாக அவருடைய தொப்பியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது என்று தீர்மானித்துவிட்டேன். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். உதவாமல் இருந்தால் போதும். ஆனால் அதைவிட என்னை வருத்தியது வேறு. கால்வாய் வெட்டியவர்களை நினைத்துக் கைகூப்பிய அதே மனம்தானே ஊரில் அன்றைக்குத் திட்டைக் காலால் தட்டியது என்று நினைத்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலை யந்திரம் வரவில்லை. திட்டை அப்படியே பெட்டிகட்டி எடுத்துப்போக ஏற்பாடு செய்வதாக ஆராய்ச்சிப் பெண் சொன்னாள். ஃபோர்மன் கோபுரம் பற்றிக் கேட்கவில்லை. வந்ததும் குழியின் விளிம்பில் நின்று அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். என் கூட்டாளி எனக்கு முன்பே குழிக்குள் இறங்கியிருந்தார். என் வீல்பரோ அவருடைய வீல்பரோவுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் சவளைப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்காமல் என் வண்டிக்குள் மண்ணை வீசத் தொடங்கினார். பாதி நிறைந்தது. நிறுத்தவில்லை. முக்கால் நிறைந்தது. விளிம்பு வந்தது. அதற்கு மேலும் போட்டு, குவித்து, சவளின் முதுகால் தட்டி இறுக்கினார். பிறகு தன் கையைப் பக்கவாட்டில் அதன் மேல் வைத்து அளந்து பார்த்தார்.

"நாலு விரல் கூடப் போட்டிருக்கேன்" என்றார். "தள்ளுங்க அண்ணே."

மூக்கைப் பிடித்து இழுக்க அவர் வரவில்லை. பலகை ஏற்றத்தின் நடுவில் ஒரு தடவை நின்றேன், கீழே அவர் சவளை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிடி மண்ணும் சிந்தாமல் மேலே கொண்டுபோய்க் கொட்டினேன். கொட்டிவிட்டு வெற்று வண்டியோடு அவரிடம் திரும்ப இறங்கினேன்.